பத்து வெள்ளைச் சாமந்தி

வெலிகாவுக்கு யாரும் பசியோடு இருந்தால் பொறுக்காது. பசியில்லை என்று யாராவது சொன்னால் அதைவிடப் பொறுக்காது. "இப்பதான் சாப்பிட்டோம்" என்ற சொல்லைக் கேட்டதும், பொய்ச்சாட்சி கேட்ட நீதிபதி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். சொன்னவர்கள் அடுத்த கால்மணியில் மறுபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அறுபத்திரண்டு வயது. அதில் முப்பத்து நான்கு வருடம், பல்கேரியாவில் எங்கள் ரோடோபி மலையில் இருந்த ஈயச் சுரங்கத்தின் கேன்டீனில் இருநூறு பேருக்குச் சமைத்தவள். ஒரு தடவை சுரங்க அமைச்சர் பார்வையிட வந்தார். வரவேற்புரை முடியட்டும் என்று எல்லாரும் காத்திருக்க, வெலிகா மேடையேறி, பேசிக்கொண்டிருந்த ஆளின் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, "ஆறுது" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அமைச்சர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார். சுரங்கம் மூடியபோது ஈயம் தீர்ந்ததற்காக யாரும் அழவில்லை. வெலிகாவின் பீன்ஸ் குழம்பு தீர்ந்ததற்காகத் தாடிவைத்த ஆம்பிளைகள் அழுததை நான் கண்ணால் பார்த்தேன்.

கணவன் போன பிறகு ஊருக்குள் இருந்த வீட்டில் அவள் தனியாக இருந்தாள். ஊருக்கு மேலே, புல்வெளி ஓரத்தில், அவள் அப்பா கல் கல்லாகச் சுமந்து கட்டிய இன்னொரு வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல். வானம் சுத்தமாக இருந்தால் அந்த ஜன்னலிலிருந்து ஏழு மலைவரிசை தெரியும். முழங்கால் ஆபரேஷனுக்குப் போகும்போது, திரும்பி வருவோமோ மாட்டோமோ என்று அந்த வீட்டை மகள் கலினா பேரில் எழுதிவைத்தாள். திரும்பி வந்துவிட்டாள். எழுத்து எழுத்தாகவே இருந்தது.

சோஃபியாவில் வேலை பார்க்கும் கலினா கெட்டவள் இல்லை. சும்மா கிடக்கும் வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடலாம் என்று இணையத்தில் விளம்பரம் போட்டாள். "மலை பார்த்த வீடு. பூரண அமைதி. சமையலறை உண்டு, நீங்களே சமைத்துக்கொள்ளலாம்." வெலிகா அதைப் படித்துவிட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"நீங்களே சமைச்சுக்கலாமா? ஏண்டி, எனக்குக் கை விளங்காமப் போச்சுன்னு ஊருக்கெல்லாம் சொல்றியா?"

"அம்மா, அவங்க அதுக்காகத்தாம்மா வர்றாங்க. தனியா இருக்கணும், அவங்களா சமைக்கணும், யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது."

"காசு குடுத்து வந்து தானே சமைச்சுத் தானே பாத்திரம் தேய்க்கிறதா? அதை அவங்க வீட்டிலேயே பண்ணலாமே!"

நாத்தனார் மின்கா பக்கத்து வீடு. அவள் வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்றால், மின்காவின் வாயை மூட அந்த உலையையே கவிழ்த்தாலும் போதாது. "விருந்தாளி வெளியிலேர்ந்து சோறு கொண்டுவர்ற வீடு சாவு வீடு மட்டுந்தான், அண்ணி" என்றாள். சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கம் செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஊர்தான் சமைத்துக் கொண்டுபோகும்.

முதலில் வந்தது சோஃபியாவிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. இரண்டு நாளில் வெலிகா அவர்களுக்கு ஒன்பது தடவை உருளைக்கிழங்கு அடை கொண்டுபோனாள். ஒன்பதாவது தடவை கதவு தாழிட்டிருந்ததால் ஜன்னல் வழியாக நீட்டினாள். நீட்டிய நேரம் நல்ல நேரம் இல்லை. அடுத்து வர்னாவிலிருந்து ஒரு அம்மாள். ஏழு நாள் வெறும் பழச்சாறு குடித்து உடம்பைச் சுத்தம் பண்ண வந்தவள். மூன்றாம் நாள் அவள் வெலிகாவின் சமையலறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வழியப் பன்றித் தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தாள். ஊருக்குப் போனதும் அந்த ஆத்திரத்தையெல்லாம் விளம்பரத்துக்குக் கீழே எழுதிவிட்டாள்: "வீடு அருமை. மலை அருமை. வீட்டுக்காரி ஒரு முற்றுகை."

கலினா ஊருக்கு வந்து உட்கார்ந்து பேசினாள். ப்ளொவ்திவ் நகரத்துக்காரர் ஒருவர் வீட்டைக் கேட்கிறார். இடித்துவிட்டு நீச்சல் குளத்தோடு ஹோட்டல் கட்டப்போகிறார். அக்டோபர் கடைசியில் வரும் புனித திமித்ரி நாளில் கையெழுத்து வாங்க வருகிறார்.

"அதுக்கு முன்னாடி ஹாலந்துலேர்ந்து ஒரு ஜோடி வருது. ஒரு வாரம். அவங்க போகும்போது நல்லபடியா எழுதிட்டுப் போனா வீடு நமக்கே. இல்லேன்னா வித்துடறேம்மா. என்னால ஒவ்வொரு ஆளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

 அப்பா தோளில் கல் சுமந்த தழும்பு வெலிகாவின் கண்ணுக்குள் இருந்தது. அந்த வீட்டை ஒருத்தன் இடித்துக் குளம் வெட்டுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ரொட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். "அந்த விருந்தாளிங்களுக்கு நான் ஒரு தட்டுக்கூடக் கொண்டுபோக மாட்டேன்."

சத்தியம் பண்ணுவது வாய். ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பது போல, கிண்டின கையும் சும்மா இருக்காது. அது அவளுக்கே தெரியும். ஊரில் இருந்தால் மூன்றாம் மணிநேரமே தட்டோடு மேலே ஏறிவிடுவாள். அதனால் டச்சுக்காரர்கள் வருவதற்கு முந்தின நாளே, சாவியை மேல்வீட்டுக் கதவோரக் கல்லுக்கடியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காட்டுக்குள் ஏறினாள். செல்போனை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டாள். கலினா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு "எங்கே இருக்கே, கையிலே என்ன வெச்சிருக்கே" என்று கேட்டுக்கொண்டிருப்பாள், அதற்குத்தான்.

ஒன்றரை மணிநேர ஏற்றத்தில், பெரியப்பா மகன் ஸ்டாமென் ஆட்டுப்பட்டி போட்டிருந்தான். ஒரு காது கேட்காது, இன்னொன்று கேட்க விரும்பாது. "ஒரு வாரம் இங்கேதான் இருக்கப்போறேண்ணே" என்றாள். "சரி, பீன்ஸ் அந்த மூட்டையிலே இருக்கு" என்றான் அவன். வெலிகா முகம் மலர்ந்தது. மறுநாள் விடிந்ததும் பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள்.

அதே காலையில் கீழே நடந்ததை அவள் பிற்பாடுதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

பத்து மணிக்கு டச்சுக்காரர்கள் ஊர்ச் சதுக்கத்தில் வந்து இறங்கினார்கள். யோஸ்ட் என்று ஆறரை அடி உயர மனிதர், லீஸ்பெத் என்று அவர் மனைவி. நீங்களே சமைத்துக்கொள்ளலாம் என்ற வார்த்தையை அவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். யோஸ்ட் தோளில் பாத்திரம் தொங்கியது. ஒரு கையில் ரொட்டிப் பை. இன்னொரு கையில் உருளைக்கிழங்கு மூட்டை. எங்கள் மலைக்கே உருளைக்கிழங்கு கொண்டுவந்த மனிதரை ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. லீஸ்பெத் கையில் வெள்ளைச் சாமந்தி. வழியில் ஒரு கிழவர் ஐந்து ஐந்தாகக் கட்டி விற்றிருக்கிறார். பார்க்க அழகாக இருந்ததால் இந்த அம்மாள் இரண்டு கட்டு வாங்கி ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டாள். வீட்டுக்காரிக்குக் கொடுக்கலாம் என்று.

ஐந்தும் ஐந்தும் பத்து. எங்கள் நாட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்போம். இரட்டைப்படை செத்தவர்களுக்கு. பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

லீஸ்பெத் காகிதத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டி, "வெலிகா... வீடு?" என்று கேட்டாள். கேட்டது யாரிடம் என்றால் மின்காவிடம். மின்காவின் கண் பூக்களை எண்ணியது. ரொட்டியைப் பார்த்தது. பாத்திரத்தைப் பார்த்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வெலிகாவின் புகைபோக்கியில் புகை வரவில்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது. நாற்பது வருடத்தில் அந்தப் புகைபோக்கி ஓய்ந்து அவள் பார்த்ததில்லை.

"ஐயோ! எங்க அண்ணி... எங்க அண்ணி செத்துட்டாளா?"

யோஸ்டுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியவில்லை என்பதைக் காட்டத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

எங்கள் ஊரில் 'ஆமாம்' என்றால் தலை இடவலமாக ஆடும். 'இல்லை' என்றால் மேலும் கீழும் போகும். மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாம் ஏன் தலைகீழாக ஆட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அது அவர்கள் குற்றம்.

மின்கா ஓடிப்போய் வெலிகாவின் கதவைத் தட்டினாள். பூட்டியிருந்தது. உள்ளே செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவ்வளவுதான். மணியடிக்கும் அனஸ்தாஸ் கோயிலுக்கு ஓடினான். மின்கா சோஃபியாவுக்குப் போன் போட்டு, "கலினா, உங்கம்மா..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் அழுதாள். டச்சுக்காரர்கள் காகிதத்தில் இருந்த வழியைப் பார்த்து மேலே ஏறியிருந்தார்கள். பூவும் ரொட்டியும் மேல்வீட்டுக்குத்தானே போயின? அப்படியானால் காரியமும் அங்கேதான். உடம்பு எங்கே என்று யாரோ கேட்டார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் என்று யாரோ பதில் சொன்னார்கள். சொன்னவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை, ஆனால் எல்லாரும் நம்பினார்கள். ஊர் முழுக்க அடுப்பு எரிந்தது.

மேலே ஆட்டுப்பட்டியில் வெலிகா பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் நிமிர்ந்து பார்த்தவளுக்குக் கீழே மேல்வீட்டுப் பாதை தெரிந்தது. எறும்புச் சாரை மாதிரி ஆட்கள். ஒவ்வொருத்தர் கையிலும் பாத்திரம்.

"அண்ணே! பாத்தியா அந்த அக்கிரமத்தை? என் விருந்தாளிக்கு ஊரே சோறு கொண்டுபோகுது! முன்னாடி போறது மின்காதான், அந்தப் பச்சை முக்காடு அவளோடதுதான். நான் கொண்டுபோகக் கூடாதாம், அவ கொண்டுபோவாளாம்!"

"மழை வராது" என்றான் ஸ்டாமென்.

அப்போதுதான் காற்று திரும்பியது. மணிச்சத்தம் கேட்டது. ஒன்று... நிறுத்தி... ஒன்று. சாவு மணி. வெலிகா கரண்டியைக் கீழே போட்டாள். ஊர் திரண்டு போவது மேல்வீட்டுக்கு. மேல்வீட்டில் இருப்பது இரண்டே பேர். அப்படியானால் செத்தது டச்சுக்காரர்களில் ஒருத்தர். நேற்று வரைக்கும் உயிரோடு இருந்து, இன்றைக்குத் தன் கையால் சமைத்து...

"பட்டினியிலே செத்துட்டாங்கண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "சமைக்கத் தெரியாத ஜனங்களைத் தனியா விட்டுட்டேனே! சத்தியம் பண்ணிக் கொன்னுட்டேனே!"

வீடு போய்விட்டது என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை என்று பின்னால் சொன்னாள். நான் நம்புகிறேன். அவளுக்கு அப்போது கண்முன் நின்றது, முகம் தெரியாத ஒரு மனிதரும், காலியாக இருந்த ஒரு தட்டும்தான். கொதிக்கும் பானையைக் கம்பளியில் சுற்றி, ஸ்டாமெனின் கழுதை மேல் கட்டி, ஆபரேஷன் பண்ணின முழங்காலை மறந்து கீழே ஓடினாள்.

மேல்வீட்டு முற்றத்தில் நாற்பது பேர் நின்றார்கள். வாசலில் யோஸ்டும் லீஸ்பெத்தும் கையில் ஆளுக்கொரு கிண்ணம் அவித்த கோதுமையோடு, சர்க்கரை தூவிய அந்தச் சாவுப் பண்டத்தை மரியாதைக்காக மென்றுகொண்டு நின்றார்கள். யாரோ யோஸ்டின் மறுகையில் ராக்கியா என்ற பழச்சாராயம் ஊற்றிய கிளாஸைத் திணித்திருந்தார்கள். பூரண அமைதி என்று போட்டிருந்த விளம்பரத்தை அவர்கள் நினைத்துப் பார்த்தார்களோ என்னவோ.

வெலிகா பின்பக்கமாக வந்தாள். எல்லார் முதுகும் அவள் பக்கம். கடைசியில் நின்ற தபால்காரியின் தோளைத் தொட்டு, மூச்சிரைக்கக் கேட்டாள்.

"யாரு போனது? ஆம்பிளையா, பொம்பிளையா?"

தபால்காரி திரும்பாமலே மூக்கை உறிஞ்சினாள். "வெலிகா."

"எந்த வெலிகா?"

"எத்தனை வெலிகா இருக்கா ஊர்ல? நம்ம கேன்டீன் வெலிகாதான்."

"ஐயோ பாவமே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள் வெலிகா. கை பாதி போய் நின்றது.

என்ன செய்வது, எதைக் கேட்பது என்று ஒன்றும் ஓடவில்லை. பக்கத்தில் மேஜை மேல் மின்கா சமைத்த பெரிய பாத்திரம் இருந்தது. மனசு கலங்கினால் கை போகும் இடத்துக்குத்தான் அவள் கையும் போனது. கரண்டியை எடுத்து ஒரு வாய் ருசி பார்த்தாள். அவ்வளவுதான், உலகமெல்லாம் தெளிந்துவிட்டது.

"இதென்னடி இது?"

நாற்பது தலையும் திரும்பின.

"நான் செத்தா எனக்கு இதையா ஊத்துவீங்க? பீன்ஸ் வேகவே இல்லை! உப்பைக் கொட்டி வெச்சிருக்கே! மின்கா, நாப்பது வருஷம் என் பக்கத்து வீட்டிலே இருந்து இதைத்தான் கத்துக்கிட்டியா?"

மின்கா ஒரு அலறு அலறிவிட்டுத் தபால்காரி மேல் சாய்ந்தாள். பிறகு எழுந்து வந்து வெலிகாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். சூடாக இருந்தது. அடுத்த நிமிஷம் அந்தக் கன்னத்திலேயே ஒன்று வைத்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே? அழுது அழுது எனக்குக் கண்ணு தெரியலே, உப்பு எப்படி தெரியும்?" என்று சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அண்ணியை 'டி' போட்டு அவள் கூப்பிட்டது அன்று ஒருநாள்தான். வெலிகாவும் அழுதாள். நாற்பது வருடச் சண்டையில் ஒருத்தியை ஒருத்திக்கு இவ்வளவு பிடிக்கும் என்பது இருவருக்குமே அப்போதுதான் தெரிந்தது.

கழுதை மேலிருந்து பானை இறங்கியது. வெலிகா எல்லாருக்கும் ஊற்ற ஆரம்பித்தாள். அந்த நேரத்தில்தான் கலினாவின் கார் வந்து நின்றது. கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தாள். முகம் வீங்கியிருந்தது. கையில் வெள்ளை ரோஜா, எண்ணி ஆறு. தன் அம்மா கரண்டியோடு நிற்பதைப் பார்த்ததும் நடுமுற்றத்தில் கால் நின்றுவிட்டது.

"போனை எடுக்க மாட்டியாம்மா நீ?" என்று கத்தினாள். "நாலு மணிநேரம்! நாலு மணிநேரம் அழுதுகிட்டே வண்டி ஓட்டிட்டு வர்றேன்!"

"நீ என்னத்தைச் சாப்பிட்டே?" என்றாள் வெலிகா.

 கலினாவின் கண் கழுதைக்குப் போனது, பானைக்குப் போனது. "சத்தியம் பண்ணினியே. ஒரு தட்டுக்கூடக் கொண்டுவர மாட்டேன்னு."

"விருந்தாளிக்குக் கொண்டுவர மாட்டேன்னுதாண்டி சொன்னேன். இது செத்தவங்களுக்குக் கொண்டுவந்தது."

ஆனால் சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. வீட்டின் நினைவு அப்போதுதான் திரும்பி வந்தது. அமைதி தேடி வந்தவர்கள் முற்றத்தில் நாற்பது பேர், ஒரு கழுதை, ஒரு சாவு. கலினாவும் அதையேதான் நினைத்தாள் போலும். யோஸ்டிடம் போய் ஆங்கிலத்தில், உங்களுக்கு ரொம்பத் தொந்தரவாகிவிட்டதா என்று கேட்டாள். என்ன கேட்டாள் என்பதை, தபால்காரியின் பேரனிடம் ஆங்கிலம் கேட்டுப் பழகிய அனஸ்தாஸ் எல்லாருக்கும் சொன்னான். முற்றம் முழுக்க மூச்சடக்கிப் பார்த்தது.

யோஸ்ட் வாய் நிறைய பீன்ஸ். பேச முடியவில்லை. தலையை இடமும் வலமுமாக, பலமாக, மூன்று தடவை ஆட்டினார்.

ஊரே பெருமூச்சு விட்டது. வெலிகா பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அது அவள் அப்பா வைத்த கல். "போச்சு" என்றாள் மெதுவாக. "வித்துடு. அவர் மேல தப்பில்லை."

கலினா சுற்றிலும் பார்த்தாள். எல்லார் முகமும் தொங்கியிருந்தது. அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா! அவங்க ஊர்ல அப்படி ஆட்டினா 'இல்லை'ன்னு அர்த்தம்மா! தொந்தரவே இல்லைங்கறார்!"

 கூட்டத்துக்குள்ளிருந்து மின்காவின் குரல் கேட்டது.

"அப்போ... காலையிலே நான் கேட்டப்போ... 'சாகலே'ன்னா சொன்னான் இந்தப் பாவி?"

நாற்பது பேரும் யோஸ்டைப் பார்த்தார்கள். யோஸ்ட் விழுங்கி முடித்து, கிண்ணத்தை நீட்டி, அவருக்குத் தெரிந்த ஒரே பல்கேரியச் சொல்லைச் சொன்னார்: "இன்னும்." அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். ஒரு மணிநேரம் எங்கள் ஊர்ப் பந்தியில் நின்றால் எவனும் கற்றுக்கொள்வான்.

வெலிகா எழுந்து ஊற்றப் போனாள். கலினா குறுக்கே நின்றாள். ரோஜாக்களை நீட்டினாள்.

"வீட்டைப் பத்திப் பேசலாம்மா... அவங்க என்ன எழுதினாலும் சரி. வர்ற வழியெல்லாம் நினைச்சேன். நீ இல்லாம இந்த வீடு எனக்கு எதுக்கு, காசு எதுக்குன்னு. நீ இருக்கிற வரைக்கும் விக்க மாட்டேன்."

"அப்போ ரொம்ப நாள் ஆகும்" என்றாள் வெலிகா. "மின்காவுக்கு பீன்ஸ் வேகவைக்க வர்ற வரைக்கும் நான் சாகறதா இல்லை."

ரோஜாக்களை வாங்கி எண்ணினாள். ஆறு. மகளை ஒருமுறை பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் ஒரு ஜாடியில் லீஸ்பெத்தின் சாமந்தி பத்தும் நின்றன. வெலிகா ஆறில் ஒரு ரோஜாவை உருவி அந்த ஜாடியில் செருகினாள். அங்கே பதினொன்று ஆயிற்று, கையில் ஐந்து நின்றது. பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு, மகளுக்குத் தட்டு தேடப் போனாள்.